தேசப்பனின் பச்சை பெல்ட்

"பெல்ட்டைக் கழட்டச் சொல்லிட்டான்டா, சேட்டு! என்னைப் பார்த்து!"

உப்பள முதலாளி தேசப்பன் கேட் பக்கத்துக் கொட்டகை நிழலில் நின்று குமுறினார்.

மேஸ்திரி சேட்டு தனக்கே வலிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்?

நிழலுக்கு வெளியே, உச்சி வெயிலில், வேலை முடித்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தேசப்பன் தலையசைக்காமல் கேட் திறக்காது. ஏர்போர்ட் கதையை முடிக்காமல் தேசப்பன் தலையசைக்க மாட்டார்.

வரிசையில் இரண்டாவதாக நின்றவள் வேலம்மாள். அவள் கண்ணெல்லாம் மெயின் ரோட்டு முனையில் நின்ற வெள்ளை வேன் மேல்தான் இருந்தது.

வேனுக்குள் அவள் மகள் தமிழ்நிலா. மஸ்கட்டில் நர்ஸ் வேலை. இன்று விமானம் ஏறினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். வேனில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்று டிரைவர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்.

லீவு போட்டிருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் உப்பு விளைகிற நேரத்தில் ஒருத்தி லீவு போட்டால், மறுநாள் அவள் பாத்தியில் வேறு ஒருத்தி நிற்பாள்.

"சார், ப்ளீஸ்னுதான்டா ஆரம்பிச்சான். நம்பிட்டேன். அப்புறம் பார்த்தா ஒரு ட்ரேவை நீட்டறான். பெல்ட்டை இதுல வை, செருப்பை இதுல வைன்றான். கையில ஒரு மிஷினை வெச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவறான். பின்னால அத்தினி பேரு பார்க்கிறாங்க. ரெண்டு கையையும் தூக்குன்னான்..."

அத்தோடு நிறுத்திவிட்டு தேசப்பன் இருமினார்.

இருமலுக்குக் காரணம் இருந்தது. உப்பு வியாபாரிகள் கூட்டத்துக்காக அகமதாபாத் போனவர், வழக்கம்போல வேட்டியின் மேல் அகலமான பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். வாலிபத்திலிருந்தே பெல்ட்டை நம்பி வேட்டி கட்டுகிறவர். இடுப்பில் இறுக்கிச் செருகும் பழக்கமே கிடையாது. பெல்ட் ட்ரேயில் போய்விட்டது. கைகள் இரண்டும் மேலே போயின.

மீதியை அவரோடு போன மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் டீக்கடையில் சொல்லிவிட்டான். மரக்காணம் ஊரே ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

வரிசையில் முதலில் நின்ற கொளஞ்சியம்மாள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ரெண்டு கையையுமா தூக்கினீங்க, மொதலாளி?"

பின்னால் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தேசப்பனுக்கு அது அழுகையாகப் பட்டது. மனம் நெகிழ்ந்துபோனார்.

வேன் ஹாரன் அடித்தது.

"மொதலாளி, எம்பொண்ணு அந்த வேன்ல..." என்று வேலம்மாள் ஆரம்பித்தாள்.

"இரும்மா. பேசிக்கிட்டிருக்கேன்ல?"

பேசினார். ஏர்போர்ட்காரர்களுக்கு மெயில் போடப் போகிறாராம். எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறாராம்.

"வந்தவனை நிக்க வெச்சுக் காயப் போடக் கூடாது. ஒரு சேர் போடணும். சோதனை பண்ணணுமா, தனியாக் கூட்டிட்டுப் போயிப் பண்ணு. பொம்பளைங்களுக்கு மட்டும் திரை கட்டி வெச்சிருக்கான், பொம்பளை ஆபீசரைப் போட்டிருக்கான். ஆம்பளைக்கு மானம் இல்லியா? அட, மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா, எவன் திருடன்னு? எல்லாரையும் திருடனா நினைச்சா எப்பிடி? மனுசனை மனுசனாப் பாருங்கடா!"

கடைசி வரியில் குரல் உடைந்தது. கண்கூடக் கலங்கியது. தன் கஷ்டத்துக்குக் கண்ணீர் விடுவதில் மட்டும் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேரில் உட்கார்ந்தார். தலையசைத்தார்.

"சரி, ஆரம்பி சேட்டு."

சேட்டு கொம்பைக் கையில் எடுத்தான்.

கொளஞ்சியம்மாள் தூக்குவாளியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். முந்தானையை உதறினாள். மடியைப் பிரித்தாள். கொம்பின் நுனி அவள் இடுப்பைச் சுற்றிக் குத்திப் பார்த்தது. குழம்புக்கு ஆகுமென்று எவளாவது ஒரு கைப்பிடி உப்பை முடிந்துகொண்டு போய்விடுவாளாம்.

கேட்டுக்கு வெளியே லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிறவர்கள்தான்.

"அடுத்து."

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

யாரும் சொல்லாமலே வேலம்மாள் செருப்பைக் கழற்றி உதறிக் காட்டினாள். யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கினாள்.

கொம்பு நகர்ந்ததும் ஓடினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

அவள் போய்ச் சேரும்போது வேன் உறுமிக்கொண்டிருந்தது. தமிழ்நிலா ஜன்னல் வழியாக அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏர்போர்ட்ல நிக்க வெச்சு செக் பண்ணுவாங்களாம்மா. பயமா இருக்குது."

"அதுக்கெல்லாம் பயப்படாதடி. ப்ளீஸ்னு கேட்டுட்டுத்தான் கையைத் தூக்கச் சொல்வாங்களாம். பொம்பளைங்கள பொம்பளைதான் பாப்பாங்களாம். திரையெல்லாம் கட்டி வெச்சிருக்காங்களாம். செருப்பு வெக்கிறதுக்குக்கூடத் தட்டு தர்றாங்களாம்டி!"

வேன் நகர்ந்தது. கைகள் பிரிந்தன.

"யாரும்மா சொன்னது?"

வேலம்மாள் கூடவே நாலு எட்டு ஓடினாள்.

"எங்க மொதலாளிதான். பாவம், அவ்ளோ மரியாதை அவருக்குத் தாங்கலை!"