இரும்மா, வரேன்

"பிளக்கைப் பிடுங்கிடவா? அதை முதல்ல சொல்லு," என்றார் கிட்டுவின் அப்பா சாம்பசிவம். அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"வேண்டாம் அங்கிள். கிட்டுவோட வேலையெல்லாம் கெட்டுடும்."

சங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று மாத சிங்கப்பூர் வேலை முடிந்து முந்தின நாள்தான் ஹைதராபாத் திரும்பியிருந்தான். நண்பன் கிட்டு அமெரிக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த மெட்டுகுடா வீட்டில் அவனுடைய கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க ஒரே வரி, ஆங்கில எழுத்தில்: இரும்மா, வரேன்.

"யாரு எழுதறது இது?"

"கிட்டுதான். கூப்பிட்டா சாப்பிட எழுந்திருக்க மாட்டான்ல? கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினா புரோகிராம் நின்னுடும்னு ஆன்ட்டி கத்துக்கிட்டாங்க. தினம் அழுத்தியே அவனைச் சோத்துக்கு எழுப்பினாங்க. விடுவானா? நிறுத்தச் சொல்ற அந்த சிக்னலை நடுவுல பிடிச்சு, நிக்காம இந்த வரியை மட்டும் போடற மாதிரி எழுதிட்டான்."

"சிக்னல் போட்டும் நிக்காத வண்டி. அதுவும் ரயில்வேக்காரன் வீட்டுல."

சங்கர் சிரித்தான். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தேதியும் நேரமும் இருந்தன. தினமும் மதியம் ஒரு மணி. நேற்று வரைக்கும்.

"ஆன்ட்டி இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்களே. பாவம் அங்கிள், இருந்துட்டுப் போகட்டும்."

"நக்கோ தம்பி, வேண்டாம். இந்தப் பொய்யை நம்பி அவ வாசலைப் பாத்துக்கிட்டே கிடக்கா. இது நின்னாத்தான் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"வேற வழியில நிறுத்த ஒரு நிமிஷம் போதும். ஆனா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவ வர்ற நேரம்தான். அதுக்கு முன்னாடி நிறுத்து."

சங்கர் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். "கேக்காம தொட மாட்டேன் அங்கிள். எனக்கும் சேர்த்துச் சமைச்சவங்க."

கூடத்துக் கடிகாரம் ஒரு முறை அடித்தது.

யாரும் தொடாத விசைப்பலகையில் இரண்டு விசைகள் அமுங்கி எழுந்தன. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

"வந்துட்டா, கேட்டுக்கோ," என்றார் சாம்பசிவம். "போன மாசம் இவளுக்குக் கொள்ளி வைக்கவும் இப்படித்தான் போன்ல வரேன்னு சொன்னான். நான்தான் வெச்சேன்."