மதில் வழக்கு பைல்கள்

"வேணுமெண்டுதான் செய்யிறா. பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு என்னமோ செஞ்சி என்ட கொம்பியூட்டர இழுபட வைக்கிறா," என்றாள் றுமைஸா டீச்சர்.

கொம்பியூட்டர் திருத்த வந்த பஹ்மிக்கு, யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கல்முனைக்குடியில் அந்த மதில் வழக்கு தெரியாத ஆள் இல்லை. றுமைஸாவின் வாப்பா தன் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, பெண்மக்கள் இருவருக்கும் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்தவர். ராத்தா ஸுஹைறா கட்டிய மதில் தன் காணியில் மூன்றடியை விழுங்கிவிட்டது என்பது தங்கை றுமைஸாவின் வழக்கு. இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்து இரண்டு வருஷம்.

திங்கட்கிழமை விசாரணை. காணி உறுதிப் பத்திரம், வரைபடம், மதிலின் படங்கள் எல்லாம் லோயருக்கு இன்றே போக வேண்டும். அவை இருக்கும் போல்டரைத் திறந்தால் திரையில் பச்சைக் கோடு நகர்வேனா என்கிறது.

பஹ்மி நாலு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"டீச்சர், இந்தப் போல்டர் ஒங்கட கொம்பியூட்டர்ல இல்ல."

"மறுகா எங்க?"

"ராத்தாட வீட்டுல. சண்டைக்கு முந்தி ரெண்டு வீட்டுக்கும் பொதுவா பைல் சேத்து வெக்கிற ஒரு டிரைவ் பெட்டிய அங்க வெச்சி, இஞ்சால வயர் இழுத்தீங்களே. நீங்க ஸ்கேன் பண்ணினதெல்லாம் அதுக்குள்ளதான் போய் விழுந்திருக்கு. ஒவ்வொண்டும் அங்க இருந்து வாறதாலதான் சுணக்கம்."

டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. எதிராளிக்கு எதிரான சாட்சியை எதிராளியின் அலுமாரியிலேயே பூட்டி வைத்த கெட்டிக்காரி ஊரில் இவ ஒராள்தான் என்று பஹ்மி நினைத்துக்கொண்டான்.

"பாதியையாச்சும் அழிச்சிருப்பா. பாருங்க பஹ்மி."

"முதல்ல இஞ்சால எடுப்பம். ஒவ்வொண்டா இழுத்துப் போட்டா பொழுது போயிரும். ஒரே கட்டளையில மொத்தமா எடுத்தா கெதியா முடியும். மறுகா சட்டெண்டு திறக்கும்."

கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. போல்டர் தொட்டவுடன் திறந்தது. பஹ்மி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, டீச்சரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தான்.

"ஒண்டும் குறையல்ல, டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ்." போன மூச்சு வந்ததும் வாயும் கூடவே வந்துவிட்டது. "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அவக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டு வெச்சிருப்பாவா?"

பஹ்மிக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும் டீச்சர். போன மாசம் பெட்டி நிரம்பிட்டு எண்டு என்னக் கூப்பிட்டாங்க. ஒங்கட போல்டர் நல்ல பெரிசு. இத அழிக்கவா எண்டு கேட்டன். 'அது அவள்ட வழக்குச் சாமான், கை வெக்காத. அத அழிச்சா அவள் சொல்ற மாதிரி நான் கள்ளிதானே' எண்டாங்க. அதுக்குப் பதிலா தன்ட மகள்ட கலியாண வீடியோவ அழிக்கச் சொன்னாங்க."

மகள் றிபாவின் கலியாணம். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு றுமைஸா போகாத கலியாணம்.

றுமைஸா திரையில் மதிலின் படத்தைத் திறந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இவ வழக்கை வாபஸ் வாங்கத்தான் போறா என்று பஹ்மி நம்பினான்.

"எல்லாத்தையும் லோயருக்கு அனுப்பிட்டு, அந்த வயரக் கழட்டிடுங்க," என்றாள் றுமைஸா.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவ அழிக்காம விட்டது எனக்குத் தெரியுமெண்டு ராத்தாக்கிட்ட சொல்லிராதீங்க. திங்கட்கிழமை முடியட்டும்."