பொன்னுரங்கத்தின் கால்வளையம்

சிறைகள் பிதுங்கி வழிந்ததால், தீர்ப்பே ஆகாத கைதிகளை அரசு அவரவர் வீட்டிலேயே அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. தெருமுனையைத் தாண்டினால், காலில் பூட்டிய கண்காணிப்பு வளையம் அலறும். அப்படியே வருடக்கணக்கில் கிடந்து செத்துப்போன பொன்னுரங்கத்தின் பாடை தெருமுனையைத் தாண்டியதும், அவன் காலில் இருந்த வளையம் அலறியது.

ஏட்டு ஓடிவந்து மறித்தார். "மேலேர்ந்து அனுமதி வரணும்மா. அதுவரைக்கும் பாடியை வீட்லயே வைங்க."

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அவன் மனைவி செங்கமலம் நிற்கவில்லை. அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு பாடைக்கு முன்னால் வந்தாள்.

"நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு துடிச்சாரே, அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு கேட்டப்பவும் இதையேதான்யா சொன்னே! நீங்க பாடையைத் தூக்குங்கப்பா. கேஸ் போடறதுன்னா அந்த வளையத்தைக் கழட்டி எனக்கு மாட்டட்டும். எங்க வீட்டு ஜெயில்ல இன்னிக்குத்தான் ஒரு எடம் காலியாயிருக்கு!"