தொத்திக்கொண்ட கொட்டாவி

"உங்க சிஸ்டர் இங்க வேலை பார்க்க வராங்களா, தூங்க வராங்களா டாக்டர்?"

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்த ரிட்டயர்டு மேனேஜர் கேட்டார்.

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டர், அப்போதுதான் ஒரு நீளமான கொட்டாவியைச் சத்தத்தோடு விட்டு முடித்திருந்தார்.

"நானும் வந்ததிலிருந்து எண்ணிட்டே இருக்கேன். இது ஏழாவது," என்றார் மேனேஜர்.

டாக்டருக்கு வியர்த்தது. அந்த ஏழில் மூன்று அவருடையது.

ஒரு மாதமாகவே அவருக்குப் படபடப்பு. க்ளினிக்கைப் பூட்டிவிட்டுப் போவார். பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். சரியாகத்தான் பார்த்தோமா என்று பார்க்க மறுபடியும் வருவார். போன் அடித்தால் போதும், தான் கட்டிவிட்ட பல்லை யாரோ விழுங்கிவிட்டார்கள் என்றே முடிவு கட்டுவார். கடைசியில், தெரிந்தவர்கள் யாரும் வராத ஏரியாவாகப் பார்த்து ஒரு மனநல டாக்டரிடம் போனார். தினம் ஒரு மாத்திரை என்று ஆனது.

"முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் படுத்தும். குமட்டும், வாய் காயும், சும்மா சும்மா கொட்டாவி வரும். பயந்துபோய் நிறுத்திடாதீங்க."

"பயப்படாம இருக்கறதுக்குத்தானே டாக்டர் இந்த மாத்திரையே?"

அந்த டாக்டர் சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை முதல் மாத்திரை. அன்று மத்தியானமே முதல் கொட்டாவி.

பல் பிடுங்குகிற வேலையையெல்லாம் முன்ஜாக்கிரதையாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டார். கையில் நடுக்கம் இல்லை. பிரச்னை வாயில்தான். அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனுஷனுக்குத் தன் வாயை மூட முடியவில்லை.

மாஸ்க் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். முதல் கொட்டாவியிலேயே அது மூக்கிலிருந்து நழுவி மோவாய்க்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு லாபம் உண்டு. அம்மா கெஞ்சியும் மிரட்டியும் வாயைத் திறக்காத ஒரு குட்டிப் பெண், இவர் விட்ட கொட்டாவியைப் பார்த்துத் தானும் விட்டாள். சொத்தைப் பல் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் யாரிடம் சொல்ல முடியும்? நாள் முழுக்க, 'இதுக்கெல்லாமா பயப்படறது?' என்று கேட்கிற ஆளே பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?

செவ்வாய்க்கிழமையிலிருந்து சிஸ்டரும் கொட்டாவி விட ஆரம்பித்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அசந்து நின்றதில்லை அவர். பாவம், நம்மால்தான் தொத்திக்கொண்டது என்று டாக்டர் நினைத்தார். நினைத்ததோடு சரி.

"இவங்களைப் பார்த்துத்தான் உங்களுக்கும் வருது டாக்டர்," மேனேஜர் விடுவதாக இல்லை. "இவங்களை அனுப்பிட்டு சுறுசுறுப்பா ஒரு ஆளைப் போடுங்க. இல்லேன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன். என்னோட வாக்கிங் வர்றவங்களுக்கும் சொல்லிடுவேன்."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. டாக்டர் வாயைத் திறந்தார்.

"ராத்திரி நேரத்தோட படுக்கக் கூடாதா சிஸ்டர்? பேஷண்ட் முன்னாடி இப்படியா?"

வெளியே வந்தது அதுதான்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். இனிமே பார்த்துக்கறேன்."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் திருப்தியாகக் கிளம்பினார்.

மத்தியானம் டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. குமட்டல். மாத்திரையால் வந்தது பாதி, மீதி அவரே வரவழைத்துக்கொண்டது. சொத்தை எங்கே என்று கண்ணாடி வைத்துத் தேடுகிறவருக்கு, அன்றைக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

சாயங்காலம் கடைசி பேஷண்டும் போனபிறகு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்படியும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"சிஸ்டர், காலைல உங்களைச் சொன்னது தப்பு. கொட்டாவி என்னோடது. நான் ஒரு மாத்திரை சாப்பிடறேன்... படபடப்புக்கு."

"தெரியும் டாக்டர்."

"எப்படி?"

"திங்கக்கிழமை மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற டிரேல போட்டுட்டீங்க. நான்தான் எடுத்து, என்ன மாத்திரைன்னு பேரைப் பார்த்துட்டு உங்க பையில வச்சேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரையை வேகவைக்கப் பார்த்த முதல் டாக்டர் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"நாளைக்கே மேனேஜருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிடறேன். என்கிட்டேர்ந்து உங்களுக்குத் தொத்தி, கடைசில கெட்ட பேரு உங்களுக்கு."

சிஸ்டர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"எனக்கு ஒண்ணும் தொத்தலை டாக்டர். நீங்க மட்டும் கொட்டாவி விட்டா, டாக்டருக்கு என்னன்னு துருவித் துருவிக் கேப்பாங்க. ரெண்டு பேரும் விட்டா, தப்பு நர்ஸ் மேலதான்னு யோசிக்காமலே முடிவு பண்ணிடுவாங்க. அதான், உங்களைவிடச் சத்தமா விட்டேன்."