நேரடிப் பேச்சுவார்த்தை

படூர் பஜனை கோயில் தெரு மூன்றாவது வீட்டில் வசிக்கும் சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், குடும்பத் தலைவர் சடையப்பன் இன்று முதல் கடன்காரர்களுக்கு ஒளிய மாட்டார். தானே நேரில் வந்து பேசுவார்.

சகலமானவர்கள் என்பது இரண்டு பேர். மனைவி விஜயகுமாரி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ரோகிணி மொபைலில் காலேஜ் வகுப்பில் இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

இரண்டாவது ஊரடங்கு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஓர் அறிவிப்பாவது வந்துவிடுகிறது.

கரண்ட் பில் எகிறுகிறது, ஆகவே பகலில் ஒரு ஃபேன்தான் ஓடலாம் என்றார். அந்த ஒன்றின் கீழே தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சிலிண்டர் இரண்டு மாதம் வர வேண்டும், ஆகவே யாருக்கும் வெந்நீர் கிடையாது என்றார். டீத்தண்ணிக்கு இது பொருந்தாது என்று மறுநாள் காலை விளக்கம் வெளியானது.

சிறுசேரிக்கு ஐடி பிள்ளைகளை ஏற்றிப்போன வேன் வாசலில் தூசு படிந்து நின்றது. பிள்ளைகள் லுங்கியோடு வீட்டிலேயே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். வேனுக்குத்தான் வேலை இல்லை. அதன் மாதத் தவணைக்கு ஊரடங்கும் இல்லை.

வேன் போய்விட்டால் நாளைக்கு ஆபீஸ்கள் திறந்தாலும் சடையப்பனுக்குப் பிழைப்பு கிடையாது. அவர் முழுசாகப் புரிந்துவைத்திருந்த ஒரே பொருளாதாரம் இதுதான்.

ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வசூலுக்கு வரும் பையன் பெயர் ஜெபக்குமார். முன்பெல்லாம் "அவரு வெளிய போயிருக்காரு" என்றால் போதும், போய்விடுவான். நாடே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது அது எடுபடவில்லை.

"எங்கக்கா போயிருக்காரு? இ-பாஸ் எடுத்தாரா?"

தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் காப்பாற்றி வந்த ஒரு பொய் அன்றோடு செத்தது.

அப்புறம்தான் விஜயகுமாரி பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். உன் போனு என்கிட்டயே கெடக்கட்டும். நீ மட்டும் வாசப் பக்கம் தலைய காட்டாத."

என்ன பேசினாளோ, மறுநாளிலிருந்து போன் இல்லை, மிரட்டல் இல்லை. ஒரு தடவை ஜெபக்குமார் வந்தான். பின்பக்கத்துக் குளியலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சடையப்பனின் காதில் அவன் தணிந்த குரலில் சொன்னது விழுந்தது: "பொறுமையா குடுங்கக்கா. அவசரம் இல்ல."

வசூல்காரன் வாயில் இப்படி ஒரு வார்த்தையா?

சடையப்பன் யோசித்தார். போனை மனைவியிடம் கொடுக்கும் முன் மேனேஜருக்கு அவர் ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். 'வேன் உரிமையாளர் சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர் என்ற முறையில்' என்று ஆரம்பித்து, 'நேர்மையே என் முதலீடு' என்று முடியும். கம்பெனியையே அது உலுக்கிவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதன் குளியலறையில் வாளியோடு வாளியாக நிற்பதா?

அதனால்தான் இன்றைய அறிவிப்பு.

"தே, சும்மா கெட. நல்லா போயிகினு கீது. கெடுத்து வெக்காத," என்றாள் விஜயகுமாரி, அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனுக்கு இன்னா தெரியும்? ஆம்பள பேசற மாதிரி பேசுனா ஆறு மாசம் டைம் குடுப்பான். பாத்துகினே இரு."

"ஆமா, குடுப்பான் குடுப்பான்."

கேட் தட்டும் சத்தம் கேட்டது.

விஜயகுமாரி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். போகிற வழியில் கண்ணாடி முன் ஒரு நொடி நின்றாள். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

சடையப்பன் வெள்ளை வேட்டிக்கு மாறினார். சங்கத்துக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். முகம் தெரியாமல் என்ன பேச்சுவார்த்தை? மகள் "அப்பா, வேணாம்பா" என்றது அவர் காதில் ஏறவில்லை.

"வணக்கம் தம்பி. நான்தான் சடையப்பன். இன்னா பேசணுமோ எங்கிட்ட பேசு."

ஜெபக்குமார் பின்னால் நகர்ந்தான். நகர்ந்த வேகத்தில் முதுகு வேனில் இடித்தது. கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. எடுக்கவில்லை.

மரியாதை என்றால் இது மரியாதை, என்று சடையப்பன் நினைத்துக்கொண்டார்.

பையன் அவரைப் பார்த்தான். பிறகு விஜயகுமாரியைப் பார்த்தான். அவன் பார்வை போன வழியே சடையப்பனும் திரும்பினார்.

அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த நெற்றியை வெறுமையாக அவர் பார்த்ததில்லை. வியர்வையில் விழுந்துவிட்டதோ என்று தரையில் தேடினார்.

ஜெபக்குமார் விஜயகுமாரியிடம்தான் பேசினான், அதே தணிந்த குரலில்.

"அந்த டெத் சர்டிபிகேட் இனிமே வேணாங்கா."

வியாழக்கிழமை நாலு பேர் வந்து வேனை எடுத்துக்கொண்டு போனார்கள்.