ஒரே ஒரு பயனர்

இலவசத் தமிழ் மென்பொருள் ஒன்றின் பயனர்களுக்கு சாட் ரூமில் உதவும் குழுவைச் சேர்ந்த தோழிகள் இருவர் ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் இருந்தார்கள். லீலா கனவில் மிதப்பவள்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாட் ரூமை மூடிட்டு மெயில் குரூப்புக்கு மாறிடலாம்டி" என்றாள் சசிகலா.

"வேணாம்க்கா, ப்ளீஸ்."

"வர்றது அந்த 'மின்மினி' ஒருத்தன்தான். டெய்லி அதே டவுட்டு, தமிழ் ஃபாண்ட் எப்படிப் போடறதுன்னு. நீயும் சிரிச்சிக்கினே சொல்லித் தர்ற. நிச்சயமான பொண்ணு, இன்னாடி இது?"

லீலாவின் முகம் சிவந்தது.

"அவருதான்க்கா மாப்ள. ஒரகடம் கம்பெனியிலேர்ந்து சாட்டுக்கு வர்றாரு. தை மாசம் கல்யாணம் ஆவுற வரைக்கும் போன்ல பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. டவுட்டு கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே!"

சசிகலா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குழுவினருக்குத் தட்டெழுதினாள்: "தை மாதம் முடியும்வரை சாட் ரூம் இருக்கட்டும். அப்புறம் மாறிக்கொள்ளலாம்."