கழுத்தில் வழிந்த ஈரம்

குழந்தைகள் முன்னால் எந்தப் பெரியவரும் வெறும் முகத்தோடு நிற்பதில்லை. அப்படியொரு சட்டம் கிடையாது. ஆயினும் கோயம்புத்தூரில் அதை மீறியவர் எவருமில்லை. கார்ட்டூன் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், அசைவு குறைந்த மனித முகத்தைக் கண்டால் மிரண்டு திரும்பிக்கொண்டார்கள். எனவே பெற்றோர் எல்லோரும், பெரிய கண்களோடு ஓயாமல் சிரிக்கும் ஒளிமுகம் என்ற திரை முகமூடியை அணியத் தொடங்கினார்கள்.

அன்று காலை வஞ்சியின் தங்கை கோதை மருத்துவமனையில் இறந்துபோனாள். மாலையில் வஞ்சி ஒளிமுகத்தை மாட்டிக்கொண்டு, நான்கு வயது மகள் நிறைமதியை அழைத்துவர மழலையர் பள்ளிக்குப் போனாள். வாசலில் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

“கோதை சித்தி இனிமே வரமாட்டா, கண்ணு. செத்துப் போயிட்டா.”

குரல் உடைந்தது, ஒளிமுகம் சிரித்தது. நிறைமதி அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கைதட்டினாள்.

“ஐ! இன்னொருவாட்டி சொல்லும்மா!”

வஞ்சி மகளை இறுக அணைத்துக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

“அம்மா, ஒழுகுது. உள்ள பைப்பு உடைஞ்சிடுச்சா?”

வஞ்சி ஒளிமுகத்தின் கொக்கியைக் கழற்றினாள்.

“ஐயோ, மாட்டுங்கக்கா! பிள்ளைங்க எல்லாம் பாக்குது!” பக்கத்தில் நின்ற ஒரு தாய், சிரிக்கும் முகத்துக்குள்ளிருந்து பதறினாள். நிறைமதி வீறிட்டபடி அந்தச் சிரிப்பை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

வஞ்சி மகளை விடவில்லை. சிவந்து வீங்கிய தன் முகத்தை எல்லோரும் காணும்படி நிமிர்த்தி, வாய்விட்டு அழுதாள்.